பட்டியலில் இல்லாத வண்டி

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் அது தெரியும், கோபமில்லை. செய்கிற வேலை அப்படி. உலக விவகாரங்களில் இளம் தலைவர்களை உருவாக்குவதற்கென்று ஒரு பயிற்சித் திட்டம். அதில் ஒன்பது மாதம் படித்துவிட்டு வெளியே போனவர்கள் எண்ணூற்றுச் சொச்சம் பேர். அவர்களுடைய அண்மைச் சாதனைகளைத் தொகுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மலர். அந்த மலரைத் தயாரிப்பவள் அவள். ஆளுக்கு முப்பது சொல் என்பது கணக்கு. எவர் முப்பது சொல்லில் நிற்கிறார்கள்? ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்புவார்கள். அதை நறுக்கி முப்பதில் நிறுத்தினால், என் வாழ்க்கையையே வெட்டிவிட்டாயே என்று போன் செய்வார்கள்.

கடல் எல்லைப் பேச்சுவார்த்தையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவன்கூடப் பேச்சுவார்த்தையை முன்னெடுத்தார் என்றுதான் எழுதுவான். மாநாட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள் தீர்மானத்தில் பங்காற்றினார். அந்த மலரைப் படிக்கிற யாருக்கும், இந்த உலகத்தில் ஒரு நல்ல காரியம் கூட இவர்கள் கைபடாமல் நடப்பதில்லை போலிருக்கிறதே என்று தோன்றும். நியாயமாகச் சொன்னால் நிஜமாகவே செய்தவர்களும் உண்டு. இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, முகம் கொடுத்துப் பேசாத இரண்டு நாடுகளை வெள்ள எச்சரிக்கையை மட்டுமாவது பகிர்ந்துகொள்ள வைத்தாள். அவள் எழுதி அனுப்பியது நாலே வரி. அப்படிப்பட்டவர்களிடம் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

கத்தரியும் அந்தத் திட்டத்தில் படித்து வந்தவள்தான். அவளோடு படித்த அணியிலிருந்து ஏழு பேர் இன்று வெவ்வேறு வெளியுறவு அலுவலகங்களில் கதவில் பெயர் மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மலரில் அவளைப் பற்றி இதுவரை ஒரு வரி வந்ததில்லை. கேட்பவர்களிடம், சமைக்கிறவளுக்குப் பசிக்காது என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

அச்சுக்குப் போக வேண்டிய வாரம். திங்கட்கிழமை காலையிலேயே இயக்குநர் அவள் மேசைக்கு வந்துவிட்டார். அவர் தன் அறையைவிட்டு எழுந்து வந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"அட்டையில சமாதானம்தான். வேற பேச்சே கிடையாது" என்றார். "இந்த மாசக் கடைசியில அவனைச் சிறப்புத் தூதருக்கு அடுத்த நாற்காலியில உட்கார வைக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி நம்ம மலர் எல்லார் கையிலயும் இருக்கணும். வியாழக்கிழமை போட்டோவுக்கு அவனே வரேன்னுட்டான்."

"சரி சார்" என்றாள்.

சமாதானம் அவள் அணிக்காரன். பயிற்சி விடுதியில் யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பான், அடியும் வாங்குவான், அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அவனைப் பற்றிய குறிப்பு ஏற்கெனவே அவளிடம் வந்திருந்தது. வெட்டி முடித்திருந்தாள். ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே ஒரு நாள் சண்டை நிறுத்தத்தை ஏற்படுத்தி, மருந்தும் மாவும் ஏற்றிய நாற்பது லாரிகளைப் பாலம் கடக்கச் செய்தார். நாற்பதும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

நாற்பது. வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற எண், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அன்று காலை பாலத்தின் இந்த முனையில் நின்றவை நாற்பத்தொன்று. இந்த மலர் விஷயத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அட்டையில் வரப்போகிறான். மற்றவள் அந்தக் குறிப்பில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவளும் அவனும் ஒரே மத்தியஸ்த அமைப்பில் வேலை செய்தார்கள். அந்த ஆற்றின் இரண்டு கரைக்காரர்களும் ஒருவரையொருவர் ஒரு நாடு என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஒரே கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தால் இருவருமே அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார்கள். அதனால் அங்கே எதையும் இரண்டு முறை எழுத வேண்டும். இந்தக் கரைக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. ஒன்றில் மற்றவர் பெயர் தப்பித் தவறியும் வரக்கூடாது. ஒருவருக்கு அனுப்பியதை மற்றவருக்குக் காட்டவும் கூடாது. லாரிகளின் எண்ணும் ஓட்டுநர் பெயரும் கொண்ட பட்டியலும் இப்படித்தான், இரட்டைப் பிள்ளைகளைத் தனித்தனி வீட்டில் வளர்ப்பதுபோல. பட்டியலில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவள் பொறுப்பு.

அன்று காலை ஆறரை மணிக்கு ஒரு லாரியின் அச்சு முறிந்தது. மாற்று வண்டி ஒன்று தயாராக நின்றது. அதன் ஓட்டுநர் பழைய செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அவள் பட்டியலைத் திருத்தி இந்தக் கரைக்கு அனுப்பினாள். அந்தக் கரைக்கான கடிதத்தையும் திருத்தக் கணினியில் திறந்து வைத்தாள். அதற்குள் பாலத்தில் யாரோ கூப்பிட்டார்கள், தடுப்பைத் தூக்குவதற்கு முன் வண்டிகளை எண்ண வேண்டுமாம். ஓடினாள். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மேடம், என் பேர் லிஸ்ட்ல ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஏறிடுச்சு. தைரியமாப் போங்க. ஏதாவதுன்னா இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று தன் அட்டையைக் கொடுத்தாள்.

அந்தக் கரைக்கான கடிதம் திறந்தபடியே கிடந்தது. பதினோரு மணிக்கு மறுமுனையில் ஒரு வண்டியை மட்டும் மறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சமாதானத்திடம் ஓடிப்போய்ச் சொன்னாள். இப்போது அனுப்பினால், பிடிபட்ட பிறகு பட்டியலைத் திருத்துகிறார்கள் என்று மீதி நாற்பதையும் மறிப்பார்கள், நாளைக்கு அனுப்பலாம் என்றான். அது சரியாகத்தான் பட்டது. நாளை மறுநாளானது, மறுநாள் அடுத்த வாரமானது. ஒரு மாதம் கழித்து அமைப்பின் நிலைப்பாடு என்று ஒரு வாக்கியம் உருவாகிவிட்டது. உங்களுக்கு அனுப்பிய பட்டியலில் அந்த வண்டி இல்லை. கேட்டால் பொய் என்று யாரும் சொல்ல முடியாத வாக்கியம். சரக்குக் கடத்த வந்தவன் என்று ஓட்டுநரை அந்தக் கரையில் உள்ளே வைத்துவிட்டார்கள்.

அவள் அந்த வேலையை விட்டுவிட்டு மலர் தயாரிக்க வந்தாள். அதிலிருந்து அவளுக்கு எதுவும் மனதில் ஏறுவதில்லை. துக்கம் என்றால் கூடப் பரவாயில்லை, துக்கமும் இல்லை. குளிர்காலத்தில் ஒருநாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து, வெந்நீர் போட மறந்ததை மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் உணர்ந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், சாவு வீட்டுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் சரியாகவே நடந்தது. உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓட்டுநரின் மனைவி போன் செய்தாள். வாரத்துக்கு ஒருமுறை செய்வாள். தையல் ஆலையில் சட்டைக்குக் காஜா போடுகிறவள், சாப்பாட்டு இடைவேளையில்தான் பேச முடியும். பின்னால் யாரோ முடிக்காத மெஷின் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

"மேடம், சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. நீங்க?"

"ஆச்சு மேடம். வெள்ளிக்கிழமை மறுபடியும் அவர் கேஸு வருது. இதோட முடிவாயிடும்ங்கறாங்க. ஒரே ஒரு பேப்பர் மேடம். அவர் பேர் லிஸ்ட்ல இருந்துச்சுன்னு. உங்களுக்கு அது எவ்வளவு சங்கடம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

"பட்டியல் விவரமெல்லாம் நாங்க வெளியில சொல்லக் கூடாதும்மா."

"சரி மேடம்" என்றாள் அவள். எப்போதும் சரி என்றுதான் சொல்லுவாள். வாதாட மாட்டாள், அழ மாட்டாள். "அங்க குளிராமே. ஸ்வெட்டர் அனுப்பினா குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அடுத்த குறிப்பை வெட்டினாள். அகதி முகாம்களில் கல்வி பற்றிய ஒன்று, நூற்றெழுபது சொல் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவனிடம் சொன்னாள். ஏன் அன்று சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் வயிற்றுக்குள் போய் வந்தவன், வாயும் கொஞ்சம் நீளம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்க ஆரம்பித்தான். மளிகைச் சாமான் சொல்கிற குரலில் அவள் சொல்லிக்கொண்டு போனாள். பாதியில் அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"பதினாலு மாசமா? என்கிட்ட கூடச் சொல்லாம?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு."

"என்ன இருக்கா? ஒருத்தன் உள்ள இருக்கான்!" சத்தம் போட்டுவிட்டுத் தணிந்தான். "எங்க வேலையில லிஃப்ட் நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கறவன் கதவை உடைக்கறமாதிரி தட்டுவான். எந்த மாடின்னு கண்டுபிடிச்சு ஓடலாம். உங்க வேலையில தட்டற சத்தமே கேக்காது போல."

"கேக்குது. வாரா வாரம் அவர் வீட்டம்மா போன் பண்றாங்க."

அவன் அவளையே பார்த்தான். "பண்ணினா நீ என்ன சொல்லுவே?"

"பட்டியல் விவரம் சொல்லக் கூடாதுன்னு."

அவன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினான். திரும்பி வந்து, "நீ மறந்துட்டே. மறக்காத ஆள் யாரு, நானே ஒருதரம் பிரேக்கை மாட்டாம வந்திருக்கேன், நல்லவேளை பாதி வழியில ஞாபகம் வந்துச்சு. நான் அதைக் கேக்கல. உனக்கு பயமா இருக்கா? வேலை போயிடும், பேர் கெட்டுடும், அப்படி ஏதாவது?" என்று கேட்டான்.

"இல்லீங்க. பயமா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். ஒண்ணுமே இல்ல. அதான் எனக்கே புரியல."

அவன் சமைத்தான், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், உப்பு அதிகம் என்று அவன் சொன்னான். அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அவள் அந்தக் கரை ஆட்களின் குறிப்புகளை எடுத்துக்கொண்டாள். இரண்டு கரையிலிருந்தும் ஆள் சேர்ப்பது திட்டத்தின் பெருமை, முதல் பக்கத்திலேயே போடுவார்கள். அவளுக்கு நாலு வருஷம் இளைய பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். எல்லை நிர்வாகத் துறையில் இருப்பவள், வயதுக்கு மீறிய பதவி. வழக்கம்போல இரண்டு பக்கம். நடுவில் ஒரு வரி: காவலில் இருப்போர் மறுஆய்வுக் குழுவின் செயலர், இரண்டாம் ஆண்டு.

கத்தரி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த பழைய குறிப்பைத் தேடி எடுத்தாள். அதிலும் அந்த வரி இருந்தது. முதலாம் ஆண்டு என்று இருந்தது. அதன்மேல் அவளே போட்ட சிவப்புக் கோடும் இருந்தது. முப்பது சொல்லுக்குள் நிற்க வேண்டுமே, எல்லை நிர்வாகத்தில் இளம் வயதிலேயே உயர்பதவி என்றால் போதாதா என்று வெட்டியிருக்கிறாள். அந்த ஓட்டுநர் அடைபட்டிருக்கும் அறைக்கு அடுத்த அறையின் சாவியை ஆறு மாதத்துக்கு முன்பே அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டாள். இதற்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். தோன்றவில்லை. போனை எடுத்தாள்.

"அக்கா! நீங்களா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். "இந்தத் தடவை என்னை எவ்வளவு வெட்டினீங்க? உண்மையைச் சொல்லுங்க, அழ மாட்டேன்."

"இன்னும் வெட்டல. வேற ஒண்ணு கேக்கணும்." பாலத்தில் பிடிபட்ட ஓட்டுநரின் வழக்கைப் பற்றிக் கேட்டாள்.

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "அந்தக் கேஸா? அவர் வருஷம் பூரா ஒரே பல்லவிதான் அக்கா. என் பேர் லிஸ்ட்ல இருக்கு, ஒரு மேடம் சொன்னாங்கன்னு. நானும் உங்க பழைய ஆபீசுக்கு மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் ஒரே பதில், உங்களுக்கு அனுப்பின பட்டியல்ல இல்லைன்னு. ரெண்டு மாசம் முன்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. லிஸ்ட்ல இல்ல, நானாத்தான் நடுவுல சேர்ந்து வந்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை எத்தனை வருஷம்னு முடிவு பண்றது மட்டும்தான் பாக்கி."

"ஒத்துக்கிட்டாரா? ஏன்?"

"தெரியல அக்கா. களைச்சுப் போயிருப்பாரு."

"அவர் பேர் பட்டியல்ல இருந்துச்சுன்னு யாராவது எழுதிக் குடுத்தா?"

"யாராவதுன்னா பத்தாது. பட்டியலை அனுப்பினவங்களே எழுதணும், அதே கையெழுத்து இருக்கணும். ஒரு பக்கம் போதும். வியாழன் சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வரணும். யார் அனுப்பினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான்" என்றாள் கத்தரி.

அந்தப் பெண், அக்கா என்ற சொல் இல்லாமல், "அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சமாதானம் வந்தான். கூட்ட அறையில் வெள்ளைத் துணி கட்டி, அதன் முன்னால் அவனை நிற்க வைத்து, முகத்தில் மினுமினுப்பு தெரியாமலிருக்கப் பவுடர் ஒற்றினார்கள். போட்டோக்காரர் விளக்கைச் சரிசெய்ய வெளியே போன நேரத்தில் அவள் உள்ளே போனாள்.

"வா வா. கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கேனா?" என்றான்.

"வெள்ளிக்கிழமை அந்த டிரைவரோட கேஸ். நான் எழுதிக் குடுக்கப் போறேன்."

அவன் சிரிப்பு உடனே போய்விடவில்லை, மெல்லத்தான் போனது. கதவைச் சாத்திவிட்டு வந்தான். "யோசிச்சுத்தான் பேசறியா? வெள்ளிக்கிழமையே அறுபது வண்டி பாலம் தாண்டுது. அத்தனையும் மருந்து, டயாலிசிஸ் சாமான். நம்ம பட்டியல்ல ஒருதடவை தப்பு இருந்துச்சுன்னு நீ கையெழுத்துப் போட்டா, எல்லாப் பட்டியலும் தப்புன்னு நிறுத்திடுவாங்க. ஒரு ஆளுக்காக அத்தனை பேரையும் நிறுத்தலாமா? நீயே சொல்லு."

"அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பதினாலு மாசமா அதைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"நீ கவலைப்படறது அந்த அறுபது வண்டிக்கா, புது நாற்காலிக்கா?"

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பவுடர் பூசிய முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். "ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க எனக்கே தெரியல. முன்னாடி தெரியும்" என்றான். பிறகு, "என் பேரையும் எழுதுவியா?" என்று கேட்டான்.

"நாளைக்கு அனுப்பலாம்னு நீ சொன்னே. நாளைக்கு அனுப்பாதது நான். என்னைத்தான் எழுதறேன்."

போட்டோக்காரர் கதவைத் தட்டினார். அவள் வெளியே வந்துவிட்டாள். பின்னால், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க சார் என்கிற குரல் கேட்டது.

கடிதம் எழுத இருபது நிமிடம்தான் ஆனது. எழுதித் தேய்ந்த கை. ஆனால் இந்த முறை ஒன்றுதான் எழுதினாள். முதல் பட்டியலை இரண்டு கரைக்கும் அனுப்பினேன், திருத்திய பட்டியலை இந்தக் கரைக்கு மட்டும் அனுப்பினேன், அந்தக் கரைக்கு அனுப்ப மறந்தேன், ஓட்டுநர் கேட்டபோது பெயர் ஏறிவிட்டது என்று சொன்னதும் நானே. இரண்டு கரையின் பெயரும் ஒரே தாளில். தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, நகலை இயக்குநர் மேசையில் வைத்தாள்.

அவர் நின்றபடியே படித்தார். உட்கார்ந்து மறுபடியும் படித்தார். "என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்து வர வேண்டாம், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். அட்டைக்கு வெள்ள எச்சரிக்கைப் பெண்ணின் படம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தாள். சமாதானம் சொன்னது அப்படியே நடந்தது. மத்தியானம் அவனிடமிருந்து குறுஞ்செய்தி: அறுபது வண்டியையும் பாலத்தில் நிறுத்திட்டாங்க. உன் கடிதத்தைக் காட்டித்தான். ஒரு வசவும் இல்லை. வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். டயாலிசிஸ் என்ற சொல்லை நினைத்துப் பார்த்தாள். அதுவும் ஒரு சொல்லாகத்தான் இருந்தது. துணி துவைத்தாள், காயப்போட்டாள், மழை வரும்போல இருந்ததால் எடுத்து உள்ளே போட்டாள்.

சனிக்கிழமை காலை வண்டிகள் இன்னும் பாலத்திலேயே நின்றன. அவள் கணவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அப்போது ஓட்டுநரின் மனைவி போன் செய்தாள். பின்னால் மெஷின் சத்தம் இல்லை.

"மேடம், விட்டுட்டாங்க. திங்கட்கிழமை பாலத்துக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றாள் கத்தரி.

ஆனால் அந்தப் பக்கம் சந்தோஷம் கேட்கவில்லை. "உங்க பேப்பரை எனக்குப் போன்ல படிச்சுக் காட்டினாங்க மேடம். ஒண்ணு கேக்கட்டா? அதுல இருக்கறது நிஜமா? இல்ல, எங்க மேல இரக்கப்பட்டு எழுதினீங்களா?"

"நிஜம்தாம்மா. அவர் பேர் இருந்துச்சு. என்னைக் கேட்டாரு, இருக்குன்னு நான்தான் சொன்னேன். அனுப்பாம விட்டதும் நான்தான்."

"அப்ப அவர் சொன்னது நிஜம்தான்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு பேச ஆரம்பித்தாள். நிதானமாகத்தான் பேசினாள். "நான் நம்பல மேடம். உங்க நம்பரை அவர்தான் குடுத்தாரு. அந்த மேடத்தைக் கேளு, அவங்களுக்குத் தெரியும்னாரு. நானும் முதல் வாரமே உங்களைக் கேட்டேன். நீங்க ஆமான்னு சொல்லல. அடுத்த வாரமும் சொல்லல. படிச்சவங்க, பெரிய ஆபீசுல இருக்கறவங்க, இருந்தா இருக்குன்னு சொல்லாமலா இருப்பாங்க, இந்த மனுஷன்தான் ஏதோ ஆசைப்பட்டு நடுவுல பூந்துட்டு மழுப்பறாருன்னு நெனச்சேன். உங்ககிட்ட இத்தனை நாளா நான் கேட்டது ஒரு பொய்ப் பேப்பர்தான் மேடம். பொய்ன்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

கத்தரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மாசம் ஒருதடவை பத்து நிமிஷம் அவரோட பேச விடுவாங்க. பத்து நிமிஷமும் திட்டுவேன். புள்ளைங்க கிட்ட கூடக் குடுக்க மாட்டேன். ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் சொன்னேன், இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பொய்யைக் கட்டிக்கிட்டு அழுவே, ஒத்துக்கிட்டு வீடு வந்து சேருன்னு. அவர், நீயே சொல்றியா, சரி போட்டுடறேன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் லிஸ்ட்டுங்கற பேச்சையே அவர் எடுக்கல."

கத்தரிக்கு வலித்தது. முதலில் அது வலி என்றே தெரியவில்லை, நெஞ்சில் எங்கோ பிடித்துக்கொண்டதாக நினைத்தாள். பிறகு தெரிந்தது. பெயர் ஏறிவிட்டது என்று அவள் சொன்ன சொல்லை ஒரே ஒரு மனிதர் நம்பியிருந்தார், வருஷம் முழுக்க, வீட்டில்கூட யாரும் நம்பாதபோது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கால் செருப்போடு அவள் கணவன் வாசலிலிருந்து ஓடி வந்தான்.

"திங்கட்கிழமை நானும் பாலத்துக்கு வரேம்மா" என்றாள். "அவர்கிட்ட நேர்ல சொல்றேன். உங்க மேல தப்பு ஒண்ணுமில்லைன்னு, எல்லாம் என்னாலதான்னு."

"வேணாம் மேடம்" என்றாள் அந்தப் பெண். "நீங்க வந்தா அவர் உங்க கையைப் புடிச்சுக்கிட்டு நன்றி சொல்லுவாரு. அவர் அப்படிப்பட்ட ஆளு. என்னால அதைப் பக்கத்துல நின்னு பாக்க முடியாது."

"சரிம்மா" என்றாள் கத்தரி.